அமெரிக்க ஆங்கிலப் பத்திரிகைகள் ஸ்பானிஷ் இதழியலைப் பற்றி எழுதும் விதத்தை ஏன் குறை சொல்கிறார்கள்?

ஒரு ஊடகம் செய்தியை எப்படிச் சொல்கிறது, எதை விடுகிறது என்று அலசுவதுதான் ஊடக விமர்சனம். இங்கே அலசப்படுவது, அமெரிக்காவிலேயே ஸ்பானிஷ் மொழியில் இயங்கும் ஊடகங்களைப் பற்றி அந்நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதும் விதம்.

முக்கியக் குறை இது: யூனிவிஷன் போன்ற ஸ்பானிஷ் தொலைக்காட்சிகளைப் பற்றிய செய்தி பெரும்பாலும் வணிகப் பக்கத்துக்கே போகிறது. எத்தனை பேர் பார்க்கிறார்கள், விளம்பர வருவாய் எவ்வளவு, கம்பெனி யார் கைக்கு மாறியது, அவ்வளவுதான். அவர்கள் என்ன செய்தி வெளியிட்டார்கள் என்பது வருவதில்லை. ஒரு மெஸ்ஸில் எத்தனை இலை விழுந்தது என்று எழுதிவிட்டு, சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத மாதிரி.

காரணம் எளிது. ஸ்பானிஷ் படிக்கத் தெரியாத செய்தியாளருக்கு வருவாய்க் கணக்கு மட்டும்தான் ஆங்கிலத்தில் கைக்குக் கிடைக்கிறது.

2015 ஆகஸ்டில் அயோவா மாநிலத்தின் டபூக் நகரில், அப்போது அதிபர் தேர்தல் களத்தில் இருந்த டிரம்ப் நடத்திய செய்தியாளர் சந்திப்பு நினைவிருக்கலாம். குடியேற்றம் பற்றி, அழைக்கப்படும் முன்பே எழுந்து கேட்ட யூனிவிஷன் செய்தியாளர் ஹோர்ஹே ராமோஸைப் பாதுகாவலர் வெளியே தள்ளிக்கொண்டு போனார். பிறகு உள்ளே விட்டார்கள், கேள்விகளும் கேட்டார். ஆனால் ஆங்கிலப் பத்திரிகைகளில் பெரிதாக நடந்த விவாதம், அவர் செய்தியாளரா, போராளியா என்பதுதான். முறை தவறினார் என்று சொல்லலாம், அது நியாயமான வாதம். கேள்விக்குப் பதில் வந்ததா என்பதல்லவா முதலில் பார்க்க வேண்டியது?

ஸ்பானிஷ் பத்திரிகை நேற்று வந்து இறங்கியவர்களுக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நியூ ஆர்லியன்ஸில் 'எல் மிசிசிப்பி' என்ற ஸ்பானிஷ் பத்திரிகை 1808-லேயே வெளிவந்தது, லாஸ் ஏஞ்சலஸின் 'லா ஒபினியோன்' தொடங்கியது 1926-ல்.