பட்டர்வொர்த் வீட்டுப் பூட்டை மாற்றலாமா?

வாடகைக்காரர் இரண்டு மாதமாகப் பணம் தரவில்லை, கோலாலம்பூரிலிருந்து போய்ப் பூட்டை மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் நண்பரே. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் பிரிவு 7(2)படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும்கூட நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஆளை வெளியேற்ற முடியாது. தப்பு அவருடையது, மாட்டிக்கொள்வது நீங்களாகிவிடும்.

முதலில் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கிறதா பாருங்கள். கட்டாத தாள் நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏறாது. விட்டுப்போயிருந்தால் அபராதத்தோடு இப்போதும் கட்டலாம். அப்புறம் வக்கீல் நோட்டீஸ். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றால், 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டப்படி, 12 மாதம் வரையிலான பாக்கிக்குப் பொருள்களை ஜப்தி செய்ய மனுப் போடலாம்.

தெனாகா (மின்சார) கணக்கு உங்கள் பெயரிலா? அடுத்த ஆளுக்காவது அவர் பெயருக்கே மாற்றுங்கள். அவர் ஏர்கோன் பில்லை நீங்கள் ஏன் கட்ட வேண்டும்?