தாய்லாந்து மொழியில் தொனி என்றால் என்ன? அது ஏன் கடினம்?

ஒரு அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்குவதுதான் தொனி. தாய் மொழியில் 5 தொனிகள். ‘மா’வைச் சமமாகச் சொன்னால் வா, உயர்த்திச் சொன்னால் குதிரை, தாழ்வில் தொடங்கி ஏற்றினால் நாய். நாமும் ‘சரி’யைக் கேள்வியாகவோ சம்மதமாகவோ சொல்லக் குரலை மாற்றுகிறோம், அங்கே சொல்லே மாறிவிடும்.

காரணம் பழையது. முன்பு தனித்தனியாக ஒலித்த சில மெய்கள் ஒரே ஒலியாகிவிட, வேறுபாடு குரலின் உயரத்துக்கு இடம் மாறியது. எழுத்து மட்டும் அப்படியே நின்றதால் 44 மெய்யெழுத்துகள், ஒரே ஒலிக்குப் பல வடிவங்கள். அப்புறம், சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. இங்கேதான் பொறுமை வேண்டும்.

பலன் சீக்கிரமே கிடைக்கும். போனேன், போகிறாள், போவார்கள் எல்லாவற்றுக்கும் ‘பை’ ஒன்றே, வினைச்சொல் உருமாறாது.

தொனிக்கு இசைஞானம் வேண்டும் என்று பலர் நினைப்பது சரியல்ல. ஒவ்வொரு சொல்லையும் தொனியோடு சேர்த்தே பழகினால் போதும்.