வீட்டிலேயே நாடகப் பயிற்சி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளி நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். வார்ம்-அப் பயிற்சிகளை வீட்டிலும் செய்து வரும்படி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பதால் சத்தம் போட முடியாது. எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி ஒருவர், சென்னை

பதில்: சத்தம் போட முடியாதது ஒரு குறையே அன்று. குரல் பயிற்சி என்றாலே உரக்கப் பேசுவது என்று பலர் எண்ணுகிறார்கள். தொண்டையைப் பழக்காமல் கத்தினால் குரல் கம்முமே தவிர வளராது. முதலில் உடலைத் தளர்த்தச் சொல்லுங்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு என்று கீழிருந்து மேலாக ஒவ்வொரு மூட்டையும் மெல்லச் சுழற்றினால் போதும். கழுத்தை மட்டும் முழு வட்டமாகப் பின்னால் சாய்த்துச் சுழற்றாமல், ஒரு தோளிலிருந்து மார்பின் வழியாக மறு தோளுக்கு அரைவட்டமாகக் கொண்டு செல்வது நல்லது.

அடுத்து, வாயை மூடியபடி ‘ம்’ என்று முனகி, உதட்டிலும் மூக்கிலும் அதிர்வு தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு, பொம்மைக் கார் ஓட்டும் குழந்தைகள் எழுப்புவார்களே, அதுபோல உதடுகளைத் தளர்த்தி ‘ப்ர்ர்’ என்று ஒலியைத் தாழ்விலிருந்து உயர்வுக்கும் திரும்பத் தாழ்வுக்கும் கொண்டுபோகலாம். நாக்குக்கு நம் வீடுகளில் வழங்கும் ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் மேல் வழுக்கி விழுந்தான்’ போன்ற வரிகளே போதும். வேகத்தில் தொடங்கினால் ழகரம் ளகரமாகிவிடும் என்பதால், ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகும்வரை நிதானமாகச் சொல்லி, அதன் பிறகே விரைவைக் கூட்ட வேண்டும். அக்கம்பக்கத்தாரை எண்ணிக் கிசுகிசுக்கவும் வேண்டாம். அழுத்தமான கிசுகிசுப்பு குரல்வளையைக் களைப்படையச் செய்யும். தாழ்ந்த, ஆனால் ஒலியுள்ள குரலே ஏற்றது. எல்லாமாகப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் தேவையில்லை.

கேள்வி: “இம்ப்ரொவைசேஷன் செய்” (எழுதிவைத்த வசனம் இல்லாமல் அந்த நொடியில் தோன்றுவதைச் செய்) என்றால் என் பிள்ளைகள் சினிமா வசனத்தைத்தான் பேசிக் காட்டுகிறார்கள். சொந்தமாக ஏதாவது செய்ய வைப்பது எப்படி?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: “நடி” என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் குழந்தையின் மனம், தான் பார்த்த நடிப்பைத் தேடி ஓடுகிறது. அது சினிமாவில் போய் நிற்பதில் வியப்பில்லை. நடிப்பதற்குப் பதிலாகக் கவனிப்பதற்கு ஏதேனும் ஒன்றை அவர்களிடம் கொடுக்க வேண்டும்.

இன்று உலகெங்கும் புழங்கும் அரங்க விளையாட்டுகள், அதாவது நடிப்புப் பயிற்சிக்கான விளையாட்டுகள், பலவற்றுக்கு வடிவம் தந்தவர் அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த வயோலா ஸ்போலின். குடியேறிகளின் குடும்பங்கள் நிறைந்த பகுதிகளில் குழந்தைகளோடு வேலை செய்த அவர், 1963இல் வெளியிட்ட தம் பயிற்சி நூலில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு கவனப் புள்ளியை வகுத்தார். ஆடுபவரின் மனம் அந்தப் புள்ளியில் ஊன்றிவிட்டால், தன்னை எப்படிக் காட்டிக்கொள்வது என்ற கவலைக்கு அங்கே இடமிருக்காது என்பதே அவருடைய முறையின் அடிப்படை.

இதை வீட்டில் எளிதாகச் செய்து பார்க்கலாம். இல்லாத ஒரு தண்ணீர்க் குடத்தைக் குழாயடியிலிருந்து சமையலறைக்குத் தூக்கி வரச் சொல்லுங்கள். “கனமாக இருப்பதுபோல் நடி” என்றால் முகத்தைச் சுளித்து, மூச்சு வாங்கி, தள்ளாடிக் காட்டுவார்கள். அதை விட்டு, அவர்கள் நடந்து வரும்போதே “தண்ணீர் விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறது? எந்தப் பக்கம் தளும்புகிறது? குடம் இடுப்பில் எந்த இடத்தில் அழுத்துகிறது?” என்று கேளுங்கள். பதிலை வாயால் சொல்ல வேண்டியதில்லை. முகச்சுளிப்பு தானாக மறைந்து, இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து, எதிர்க்கை சமநிலைக்காக விரிவதைப் பார்ப்பீர்கள். வெற்றுக் குடத்தோடு திரும்பி நடக்கும்போது உடல் மாறுகிறதா என்பதையும் அவர்களே கண்டுகொள்வார்கள். இந்த ஒன்றைப் பழகிய பிள்ளைக்குச் சினிமா வசனத்தின் துணை தேவைப்படாது என்பது என் கருத்து.

கேள்வி: வீட்டில் நானும் என் பேத்தியும் மட்டுமே இருக்கிறோம். இருவருக்கான விளையாட்டுகள் உண்டா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: தாராளமாக உண்டு, இருவர் என்பதே சிறந்த எண்ணிக்கை. எதிரெதிரே நின்று, ஒருவர் அசைவதை மற்றவர் கண்ணாடிப் பிம்பமாகச் செய்வது முதல் விளையாட்டு. கையைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தபடி செய்ய வேண்டும். அப்போதுதான் முழு உடலும் பார்வைக்குள் வரும். எதிரில் இருப்பவரை ஏமாற்றும் வேகம் கூடாது. முறை மாற்றி ஆடிப் பழகிய பிறகு, யாரும் முந்தாமல் இருவரும் ஒருவரையொருவர் பின்தொடர்ந்து பாருங்கள். உட்கார்ந்தபடியும் ஆடலாம் என்பதால் உங்கள் முழங்காலுக்கும் தொல்லையில்லை.

இரண்டாவது, ஆளுக்கொரு சொல்லாகக் கதை சொல்வது. லண்டன் ராயல் கோர்ட் அரங்கிலும் பின்னர்க் கனடாவிலும் பணியாற்றிய நாடகப் பயிற்றுநர் கீத் ஜான்ஸ்டனின் பயிற்சிகளால் பரவலான விளையாட்டு இது. தமிழில் ஆடும்போது இதற்குத் தனிச் சுவை உண்டு. ‘ஒரு’, ‘பாட்டி’ என்பது வரை யாருக்கும் சிக்கலில்லை; அடுத்தவர் ‘சந்தைக்கு’ என்கிறாரா, ‘சந்தையில்’ என்கிறாரா என்பதில் கதையே திசை மாறுகிறது. வினைமுற்று கடைசியில் வருவதால், என்ன நடந்தது என்பது வாக்கியம் முடியும் வரை இருவருக்குமே தெரியாது. ‘போய்’, ‘பார்த்து’, ‘வாங்கி’ என்று எச்சங்களாகவே இழுத்துக்கொண்டு போகும் ஆபத்தும் உண்டு. மூன்றாவது எச்சத்துக்குப் பிறகு வாக்கியத்தை முடித்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். சாமர்த்தியமான சொல்லைத் தேடித் தயங்குவதைவிட, சட்டென வரும் சாதாரணச் சொல்லே கதையை நகர்த்தும்.

பேத்தி “வாசலில் யானை நிற்கிறது” என்று தொடங்கினால், “யானையும் இல்லை, பூனையும் இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள். ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். “நேற்று வந்த அதே யானைதானா?” என்று கேட்டால் அது வளரும். யானையை உள்ளே விட உங்கள் பாத்திரம் மறுக்கலாம். யானை இருப்பதை மட்டும் மறுக்கக் கூடாது.

கேள்வி: என் மகன் எங்களோடு நன்றாக விளையாடுகிறான். உறவினர் முன்னால் செய்து காட்டச் சொன்னால் ஒளிந்துகொள்கிறான். கூச்சத்தைப் போக்குவது எப்படி?
– வாசகர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: அவனைச் செய்து காட்டச் சொல்லாதீர்கள். பயிற்சி வேறு, நிகழ்ச்சி வேறு. “மாமாவுக்குச் செய்து காட்டு” என்ற நொடியில் விளையாட்டு தேர்வாகிவிடுகிறது. பாராட்டுக் கிடைக்குமா, சிரிப்பார்களா என்ற கணக்கு தொடங்கிவிடுகிறது. ‘நல்லது, கெட்டது’ என்று பிறர் தரும் தீர்ப்பை எதிர்பார்த்து நிற்பதே ஆடுபவரின் பெரிய தடை என்று ஸ்போலினும் எழுதியிருக்கிறார். மாமாவுக்கு ஆர்வம் இருந்தால் அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறுமனே உட்கார்ந்து பார்க்க விடாதீர்கள். கைப்பேசியில் படம் பிடிப்பதும் இதே காரணத்தால் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் “சூப்பர்” என்று சொல்லிக் கடந்துவிடாமல், “குடம் எந்த இடத்தில் கனத்தது?” என்பதுபோல அவன் கவனித்ததைக் கேளுங்கள்.

கேள்வி: இவையெல்லாம் மேலைநாட்டு முறைகள்தானே? தமிழ் நாடகத்தில் இவற்றுக்கு இடமுண்டா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: உண்டு. 1977இல் நாடகாசிரியர் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு, தெருக்கூத்தின் அடவுகளையும் (ஆட்ட அசைவுகளையும்) நவீன உடற்பயிற்சிகளையும் சேர்த்தே நடிகர்களைப் பழக்கியது. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் வழியாக, அரங்க விளையாட்டுகள் ஈழத்துப் பள்ளிகளிலும் களப்பயிற்சிகளிலும் இடம்பெற்றன.

கேள்வி: வீட்டில் தவிர்க்க வேண்டிய பயிற்சிகள் எவை?
– வாசகி ஒருவர், கோவை

பதில்: கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதை மொட்டை மாடியிலோ படிக்கட்டருகிலோ செய்யக் கூடாது. பின்னால் சாய்ந்து விழுபவரை மற்றவர் தாங்கிப் பிடிக்கும் பயிற்சி, பழகிய குழுவும் பயிற்றுநரும் இருக்கும் இடத்துக்கு மட்டுமே உரியது. சோகமான நினைவை வரவழைத்து அழச் சொல்வதைப் பிள்ளைகளிடம் எந்த வயதிலும் முயல வேண்டாம். மேடையில் அழ வேண்டிய காட்சி வந்தால், அதைப் பள்ளி ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும்.