முதல் தேனீ வளர்ப்புப் புத்தகம்: எதைப் பார்த்து வாங்குவது?

ஒரே ஒரு பெட்டியோடு தொடங்கப் போகிறேன், தடிமனான புத்தகமா, படங்கள் நிறைந்த சிறிய புத்தகமா என்று கேட்டிருக்கிறீர்கள். பக்க எண்ணிக்கையை விடுங்கள். நீங்கள் வளர்க்கப்போவது இத்தாலியத் தேனீயா, இந்தியத் தேனீயா? புத்தகம் அதே இனத்தைப் பற்றிப் பேசுகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் பெட்டி அளவும் குணமும் வேறு. பனிக்காலப் பராமரிப்புக்கே பாதிப் பக்கங்களை ஒதுக்கிய புத்தகம் வெப்பமான ஊருக்கு அவ்வளவாக உதவாது.

அப்புறம், புழு அடை (முட்டையும் குஞ்சுகளும் வளரும் அடை) பற்றிய அத்தியாயத்தைத் திறங்கள். என்னைக் கேட்டால் புத்தகத்தின் உயிரே அங்கேதான். முட்டை, புழு, மூடிய கூட்டுப்புழு மூன்றும் தெளிவான படங்களாக இருக்க வேண்டும். முட்டையிலிருந்து ராணி வெளிவர சுமார் 16 நாள், வேலைக்காரத் தேனீக்கு 21, ஆண் தேனீக்கு 24 என்ற கணக்கும் வேண்டும் (இந்தியத் தேனீக்கு ஓரிரு நாள் குறையலாம்). ராணி கண்ணில் படாவிட்டாலும், நிமிர்ந்து நிற்கும் புது முட்டையைப் பார்த்தால் மூன்று நாளுக்குள் அவள் அங்கே இருந்தாள் என்று தெரிந்துவிடும். இதைச் சொல்லித் தரும் புத்தகத்தை நம்பி வாங்கலாம்.

இத்தாலியத் தேனீ என்றால், தேனீக்களைத் தாக்கும் ஒட்டுண்ணியான வர்ரோவா உண்ணி பற்றி விரிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பல பழைய பதிப்புகளில் அது இருக்காது.