பார்த்தவரை எழும்ப விடாத படங்கள்: எதை, எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது?

கேள்வி: கொழும்பில் நண்பர்கள் நாலு பேர் சனிக்கிழமை இரவுகளில் சேர்ந்து படம் பார்க்கிறோம். இதுவரை வந்ததிலேயே மனதை ஆகவும் சோர வைக்கும் படம் எது?

பதில்: அழ வைக்கும் படம் வேறு, ஆளை முடக்கிப்போடும் படம் வேறு. அழுது முடித்தால் மனம் கொஞ்சம் லேசாகும், பிளேன்டீ ஊற்றிக் குடித்துவிட்டுக் கதைக்கலாம். மற்ற வகையில் கண்ணீரே வராது, லைட்டைப் போட்ட பிறகும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். நீங்கள் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். முடிவுகளையும் சொல்லித்தான் எழுதுகிறேன். தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்தலாம்.

எல்லோரும் முதலில் சொல்வது இசாவோ தகஹாத்தாவின் 'மின்மினிகளின் கல்லறை' (1988, 89 நிமிடம்). சரியான தெரிவுதான், ஆனால் பாதிப் பேர் அதைத் தவறாகப் பார்க்கிறார்கள். கார்ட்டூன் என்று பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திவிடுகிறார்கள். அண்ணன் செய்த்தா சாவது முதல் காட்சியிலேயே வந்துவிடும். 1945 செப்டம்பர் 21 என்று அவனே திகதி சொல்கிறான். ஆகவே 'தப்பிப்பானா' என்ற கேள்விக்கு இடமில்லை. கவனிக்க வேண்டியது அந்த இனிப்பு டின்னை. இனிப்பு முடிந்ததும் உள்ளே தண்ணீர் விட்டுக் குலுக்கித் தங்கைக்குக் குடிக்கக் கொடுக்கிறான். பிறகு, பசி முற்றிய நிலையில், அந்த நாலு வயதுப் பிள்ளை தட்டைக் கண்ணாடிக் கோலியை இனிப்பென்று வாயில் போட்டுச் சூப்புகிறது. கடைசியில் அதே டின்னுக்குள் இருப்பது அவளுடைய எலும்பு. முதல் காட்சியில் ரயில் நிலையத்துக்காரர் அதை இருட்டுக்குள் வீசுவது என்னவென்று அப்போதுதான் விளங்கும். முதல் பத்து நிமிடம் போன் நோண்டியவருக்கு இந்த முடிச்சு விழாது, 'சோகமான படம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

ஜப்பானிய ஒலியோடு சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். இங்கே ஒரு தொல்லை உண்டு. உங்களிடம் இருப்பது நொடிக்கு 25 பிரேம் (தனிப்படம்) ஓடும் 'பால்' (PAL) முறை டீவிடி, சப்டைட்டில் 23.976 பிரேமுக்குச் செய்தது என்றால், தொடக்கத்தில் பொருந்தியிருக்கும் எழுத்து போகப் போகப் பிந்தும். கடைசியில் பிந்தல் மூன்றரை நிமிடத்தைத் தாண்டும். கணினியில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஜி, எச் விசைகளால் தள்ளிப் பார்த்துப் பலனில்லை, அவை எல்லா வரிகளையும் ஒரே அளவால்தான் நகர்த்தும். வேகம் பொருந்தும் சப்டைட்டிலையே தேட வேண்டும்.

ஆனால் கொழும்பில் இருக்கிற உங்களுக்கு என்னுடைய தெரிவு பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997). எழுபத்தைந்து நிமிடமளவுதான். கண் தெரியாத கிழவர் வன்னிஹாமி வீட்டுக்குப் போர்முனையில் இருந்து மகனின் பெட்டி வருகிறது. முத்திரையிட்டது, திறக்கக் கூடாது என்று உத்தரவு. புதைக்கிறார்கள். நட்டஈட்டுப் படிவத்தில் ஒப்பம் வைத்தால் காசு வரும், வீட்டில் கடன் கிடக்கிறது, ஆனால் கிழவர் வைக்க மறுக்கிறார். கடைசியில் மண்வெட்டியோடு போய்க் குழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் இருப்பது வாழைத்தண்டும் கல்லும். மகன் செத்தானா, இருக்கிறானா? படம் சொல்வதில்லை. கிழவராக நடித்த ஜோ அபேவிக்ரமவைச் சிங்களப் படங்களில் சிரிப்பு நடிகராகவே பழகியவர்கள் ஏராளம். இதில் அவர் முகத்தில் ஒரு தசைகூட வீணாக அசையாது. 2000இல் அரசு படத்தைத் தடுத்தது. இயக்குநர் உயர் நீதிமன்றம் போய் 2001இல் வென்றார். வன்னிஹாமி சிங்களத் தகப்பன்தான். என்றாலும் காணாமல் போன பிள்ளையின் போட்டோவை மடியில் வைத்துத் தெருவோரம் இருக்கும் வன்னித் தாய்மாரைக் கண்டவர்களுக்கு இந்தப் படம் இரண்டு மடங்கு பாரம். அவர்களுக்குப் பெட்டிகூட வரவில்லை.

இதில் வசனம் குறைவு, மௌனம்தான் அதிகம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் வீடென்றால் ரயில் ஹோர்ன் அத்தனையையும் தின்றுவிடும். ரயில்கள் அடங்கிய பிறகு தொடங்குங்கள்.

தமிழில் 'மூன்றாம் பிறை' (1982). எடுத்த பாலு மகேந்திரா மட்டக்களப்புக்காரர். தலையில் பானையோடு குரங்காட்டம் ஆடுவது, நினைவிழந்து குழந்தைபோலாகிவிட்ட விஜியைச் சிரிக்க வைக்க, அவளைப் பராமரிக்கும் சீனு முதலில் ஆடும் விளையாட்டு. கெத்தி ரயில் நிலையத்து மழையில் அதே ஆட்டத்தை ஆடிக் காட்டும்போது அவளுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியம். யார் மீதும் கோபப்பட முடியாததுதான் இதில் வலி. அவள் குணமானது நல்ல விஷயமல்லவா? பாட்டுகளை ஓட்டிவிட்டால் குறையொன்றுமில்லை ('கண்ணே கலைமானே'யைத் தவிர), விளையாட்டுக் காட்சிகளை ஓட்டினால் முடிவு செத்துப்போகும். விளம்பரம் போட்டு வெட்டும் டீவியில் பார்க்கவே வேண்டாம்.

எலெம் கிளிமோவின் 'வந்து பார்' (1985, 142 நிமிடம்) கடைசிக்கு இருக்கட்டும். 1943இல் ஜேர்மன் படை பெலரூஸ் கிராமமொன்றின் சனத்தைக் களஞ்சியத்துக்குள் அடைத்துத் தீ வைப்பதைக் காட்டும் படம். குண்டு விழுந்த பிறகு கதையின் நாயகனான பையனின் காதுக்குள் கேட்கும் இரைச்சல் நமக்கும் கேட்கும், லெப்டொப் ஸ்பீக்கரில் அது வெறும் கீச்சு. ஹெட்போன் அல்லது நல்ல ஸ்பீக்கர் தேவை. படம் ஏறக்குறையச் சதுரச் சட்டத்தில் எடுத்தது. டீவியின் 'ஸூம்', 'ஸ்ட்ரெச்' இரண்டையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் நேராக நம்மைப் பார்க்கும் அந்த முகங்களின் நெற்றியும் நாடியும் வெட்டுப்படும், அல்லது முகமே பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும்.

ஒரே இரவில் இரண்டு வேண்டாம். இரண்டாவது படம் ஏறாது, மனம் முதலாவதிலேயே மரத்திருக்கும். நால்வரில் யார் வீட்டிலாவது அண்மையில் சாவு நடந்திருந்தால் 'புரஹந்த களுவர'வை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவையுங்கள்.