ஞான ஆகாரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆராதனை, வீட்டு ஜெபக்கூட்டம், கன்வென்ஷன் எதையும் விடுவதில்லை. சமைக்கும்போதும் போனில் தேவசெய்தி ஓடும். ஆனாலும் உள்ளம் காய்ந்து கிடக்கிறது. ஒரு வருட வேதவாசிப்பு அட்டவணையும் லேவியராகமத்தோடு நின்றுவிடுகிறது. என்ன செய்ய? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: கேட்பதைக் கொஞ்சம் குறையுங்கள், சகோதரி. பிதாவின் சித்தத்தைச் செய்வதே தம்முடைய போஜனம் என்று இயேசு சமாரியாவின் கிணற்றடியில் சொன்னார் (யோவான் 4:34). கேட்ட ஒன்றுக்குக் கீழ்ப்படியும் முன்பே அடுத்த செய்தி வந்து விழுந்தால், எதுவும் உடம்பில் ஒட்டாது.

அட்டவணையை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களை 365 நாளில் முடிக்க தினமும் மூன்று, நான்கு அதிகாரம் ஓட வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 தாண்டி ஜனவரி கடைசியில் லேவியராகமத்தின் பலிமுறைகளுக்குள் நுழையும்போது பலரும் களைத்துவிடுகிறார்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், அதில் தொடங்குங்கள். நாளுக்கு ஒரே சம்பவம், பத்துப் பன்னிரண்டு வசனம் போதும். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, அச்சுப் புத்தகத்தில் ஒருமுறை வாய்விட்டும் ஒருமுறை மெதுவாகவும் வாசியுங்கள். இயேசு யாரிடம் என்ன சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். ‘இதில் எனக்கு என்ன’ என்பது பிறகு. அன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றை நோட்டில் ஒரு வரி எழுதி, அதையே ஜெபமாக்குங்கள். ‘அன்பாயிருப்பேன்’ என்று எழுதினால் நடக்காது. ‘பேச்சு நின்றுபோன மைனிக்கு (அண்ணன் மனைவிக்கு) இன்று போன் பண்ணுவேன்’ என்று எழுதுங்கள். செய்யாவிட்டால் மறுநாளும் அதே பகுதிதான்.

புத்தாண்டில் ஒரே வசனம் அச்சிட்டுக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையை மட்டும் பிடித்துக்கொள்வதும் பசியாற்றாது. தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும், பலருக்கும் பிடித்த எரேமியா 29:11, சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. முந்தின வசனமே, எழுபது வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்புவீர்கள் என்கிறது. அதற்கும் முன்னால் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. முழு அதிகாரத்தையும் வாசித்தால், காத்திருக்கும் காலத்தில் செய்யவேண்டிய வேலையும் கிடைக்கும். இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

கேள்வி: நான் ரப்பர் பால்வெட்டுகிறவன். விடியுமுன் தோட்டத்தில் நிற்க வேண்டும். அதிகாலை ஜெபம் இல்லாதது குறையா? (வாசகர், குலசேகரம்)

பதில்: இல்லை, சகோதரரே. சங்கீதம் 55:17 அந்தி, சந்தி, மத்தியானம் மூன்றையும் ஜெபவேளையாகச் சொல்கிறது. வெட்டி முடித்து, சிரட்டையில் பால் வடிந்து தீரும்வரை காத்திருப்பீர்கள் அல்லவா? அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவே பகுதியை வாசித்து, ஒரு வசனத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால், கை ஓயாத நேரத்திலும் அது மனதில் ஓடிக்கொண்டிருக்கும்.