வங்கி ஊழியர் சங்கத்தில் வேலை: 60 நாள் கணக்கு

தங்கச்சி, பிறந்தது இங்கே மலேசியாவில், வளர்ந்தது திருச்சியில், கையில் நீல ஐசி (குடியுரிமை அடையாள அட்டை). கோலாலம்பூரில் வங்கி ஊழியர் தொழிற்சங்க அலுவலகத்தில் தொழிலுறவு உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே அன்றாடம் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஊரில் பார்த்த வங்கிச் சங்கத்தை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

இங்கே எல்லாம் 1967 தொழிலுறவுச் சட்டப்படிதான். நினைத்தவுடன் வேலைநிறுத்தம் என்ற பேச்சே கிடையாது. சங்கத்தின் பலம், சம்பளம், வேலை நிபந்தனைகள் பற்றி வங்கிகளோடு போடும் கூட்டு ஒப்பந்தத்திலும் வழக்குக் கோப்பிலும்தான் இருக்கிறது. கிராணிமாருக்கு (எழுத்தர்களுக்கு) நுபே என்ற தேசிய வங்கி ஊழியர் சங்கம், அதிகாரிகளுக்குத் தனிச் சங்கம் என்று பிரிந்திருப்பதால், போன் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது பதவி என்ன என்பதுதான். பதவிப் பெயரை மட்டும் நம்பாதீர்கள், செய்யும் வேலையையும் கேளுங்கள்.

உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் ஒழுங்கு நடவடிக்கை வழக்குகளுக்கே போகும். கவுண்டரில் பணம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். விளக்கம் கேட்கும் ஷோ காஸ் கடிதம் குறுகிய கெடுவோடு வரும். ஊழியர் பயந்துபோய், "என் கவனக்குறைவு, மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சங்கத்தைக் கூப்பிடுவார். அந்த மன்னிப்பே உள்விசாரணையில் ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நிற்கும். ஆகவே உறுப்பினர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எங்களைக் கூப்பிடு. கெடு போதாவிட்டால் அவகாசம் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். அன்றைய பண இருப்புத் தாள், பரிவர்த்தனைப் பதிவு, சிசிடிவி காட்சி, பெட்டகச் சாவி யார் யாரிடம் இருந்தது என்ற விவரம், இவற்றையும் கடிதத்திலேயே கேளுங்கள். சிசிடிவியைத் தாமதமாகக் கேட்டால் பழைய பதிவு அழிந்துபோயிருக்கும்.

"நீயே ராஜினாமா செய்துவிடு, பேர் கெடாது" என்ற யோசனை மேலிடத்திலிருந்து வரும். எழுதிக் கொடுத்துவிட்டால், மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை ஊழியர் தலையில் விழும். எனக்கு இதில்தான் மனம் பதறும்; நல்ல வழக்குகள்கூட இங்கேதான் கவிழ்கின்றன.

வேலைநீக்கம் ஆகிவிட்டால் 20ஆம் பிரிவின் கீழ் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு போட வேண்டும். வங்கிக்குள்ளேயே மேல்முறையீடு செய்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். அந்தக் காத்திருப்புக்காக 60 நாள் கணக்கு நிற்காது. நீக்கக் கடிதம் கைக்கு வந்த அன்றே கடைசித் தேதியைக் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். இலாகாவின் சமரசக் கூட்டத்தில் வழக்கறிஞர் வாதாட முடியாது. நீங்கள் தயாரித்துக் கொடுக்கும் காலவரிசைதான் அங்கே பேசும். சமரசம் முறிந்தால் வழக்கு நேராகத் தொழில்துறை நீதிமன்றத்துக்குப் போகும். 2021க்கு முன் அமைச்சர் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. மனுவில் கேட்பது மீண்டும் வேலை. ஆனால் பல வழக்குகள் பணத்தில்தான் முடியும், வேலை இல்லாமல் இருந்த காலத்துக்கான பின்தேதிச் சம்பளமும் 24 மாதத்தைத் தாண்டாது. இதை முதல் சந்திப்பிலேயே உறுப்பினரிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கூட்டு ஒப்பந்தப் பேச்சில் உங்கள் பங்கு பெரும்பாலும் கணக்கும் ஒப்பீடும். ஒப்பந்தம் குறைந்தது 3 ஆண்டு நிற்கும் என்பதால் ஒரு வரி தவறினாலும் அத்தனை காலம் சுமக்க வேண்டும். பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு ஆகியவற்றைச் சட்டத்தின் 13(3) பிரிவு, சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஈப்போவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வருபவரிடம் "பார்த்துக்கொள்கிறோம்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பொதுவான நடைமுறை பற்றிப் பேசலாம். பழிவாங்கும் மாற்றம் என்றால் அதற்கு வேறு வழியும் உண்டு, ஆனால் ஆதாரம் வேண்டும்.

மலாய் மொழியை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். இலாகாக் கடிதங்கள் மலாயில் வரும், உறுப்பினர் தமிழில் அழுவார், வங்கி ஆங்கிலத்தில் எழுதும். சேர்வதற்கு முன் தொழிலுறவுச் சட்டத்தின் 5, 13, 20ஆம் பிரிவுகளையும், சங்கத்தின் நடப்புக் கூட்டு ஒப்பந்தத்தையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.